அடியில் கருவேலம், மேலே கத்தரி!

ஆழமான மேட்டுப்பாத்தியை நிரப்ப லாரி மண் தேவையில்லை. அரியலூர், பெரம்பலூர் வயல்களில் ஆண்டுதோறும் தீக்கிரையாகும் பொருளே போதும்.

எங்கள் அப்பாயி வீட்டுக் கொல்லையில், எருக்குழியை ஒட்டி ஒரு குப்பைமேடு இருந்தது. சாணிக்கூளம், வைக்கோல் சிண்டு, வேலியில் கழித்துப்போட்ட கிளுவைக் குச்சி, மாடு தின்று மிச்சம் விட்ட தட்டை எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். அதில் யாரும் விதை ஊன்றியதில்லை, ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதில்லை. ஆனாலும் மழை விழுந்ததும் அதன் உச்சியிலிருந்து ஒரு பூசணிக்கொடி கிளம்பும். வேலியைத் தாண்டி, பக்கத்து வீட்டுக் கூரையில் ஏறிப் படரும். கிணற்றடியில் கொத்தி, எருவிட்டு, பார்த்துப் பார்த்து வளர்த்த கொடியைவிட அந்தக் கொடியில்தான் காய் பெருத்தது.

"அதுக்குத் திங்க நிறைய கெடக்கு தம்பி, அதான்" என்பார் அப்பாயி.

இன்று நகரத்து வீடுகளில் மட்டுமல்ல, அரியலூர், செயங்கொண்டம் பக்கத்துப் புதுமனைகளிலும் மேட்டுப்பாத்தி கட்டும் ஆசை வந்துவிட்டது. முதுகு வளைக்காமல் களை எடுக்கலாம், ஆடு கோழி எட்டாது, அடைமழையில் வேர் அழுகாது. காரணங்கள் எல்லாம் சரியானவையே. ஹாலோபிளாக் கல்லை இரண்டரை, மூன்று அடிக்கு அடுக்கிவிடுகிறோம். அடுக்கியபிறகுதான் மலைப்பு வருகிறது. இவ்வளவு பெரிய குழியை எதைக்கொண்டு நிரப்புவது?

அதற்கான விடை அந்தக் குப்பைமேட்டில் இருக்கிறது. ஆழமான மேட்டுப்பாத்தி என்பது நான்கு பக்கமும் சுவர் வைத்த குப்பைமேடு. இதை உணர்ந்தவருக்குச் செலவு மிகக் குறைவு. உணராதவர் மண்ணைக் காசு கொடுத்து வாங்குகிறார், ஏமாறவும் செய்கிறார். நான் இரண்டையும் செய்து பார்த்தவன்.

ஒரு யூனிட் மண்ணின் கணக்கு

எட்டடி நீளம், நான்கடி அகலம், மூன்றடி உயரம். வீட்டுத் தோட்டத்துக்கு இது நடுத்தரமான பாத்தி. பெருக்கிப் பார்த்தால் 96 கன அடி. மண் விற்பவர்கள் கணக்கில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. அதாவது ஒரே ஒரு பாத்தி, ஏறக்குறைய ஒரு யூனிட் மண்ணை விழுங்கிவிடும். ஈரத்தோடு நிறுத்தால் நான்கு டன்னுக்குக் குறையாது. (இந்த எடையை மொட்டைமாடியில் ஏற்ற நினைக்கவே கூடாது. இந்தக் கட்டுரை தரையில் கட்டும் பாத்திக்கு மட்டும்.)

முதல் பாத்தியை நான் முழுக்க முழுக்க வாங்கிய மண்ணால் நிரப்பினேன். "நல்ல செம்மண்ணு அண்ணே" என்று சொல்லி இறக்கிவிட்டுப் போன மண், மேலே சிவப்பாகவும் உள்ளே வெளிறிய மஞ்சளாகவும் இருந்தது. கையில் எடுத்து உடைத்தால் சுண்ணாம்புக் கட்டிகள் உதிர்ந்தன. எங்கோ ஆழமாக வெட்டிய குழியின் அடிமண் அது. அதில் வைத்த தக்காளி முழங்கால் உயரம் வந்ததும் குருத்திலை மஞ்சளாயிற்று. நரம்பு மட்டும் பச்சையாக இருந்தது. நான்கு டன் மண் வாங்கியும் ஒரு கூடை தக்காளி எடுக்க முடியவில்லை.

போன காசைக்கூட மறந்துவிடலாம். நல்ல மண் விலைக்கு வருகிறதென்றால் அது ஏதோ ஒரு வயலின் மேல்மண்ணாகத்தான் இருக்கும். பல தலைமுறை உழுது, எருவிட்டு, கிடை போட்டு உண்டாக்கிய மேல்மண் அது. நம் வீட்டுக் கத்தரிக்காக ஒரு காட்டை மொட்டையாக்குவதில் என்ன நியாயம்?

கடல் கிடந்த பூமி

அரியலூரில் மண் வாங்குபவர் இந்த மாவட்டத்தின் பூர்வகதையைக் கொஞ்சம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். டைனோசர் காலத்தில் இந்தப் பகுதி கடலுக்கு அடியில் கிடந்தது. அந்தக் கடலின் கிளிஞ்சல்களும் நத்தை ஓடுகளும் படிந்து இறுகியதே இங்குள்ள சுண்ணாம்புக்கல். அதை நம்பித்தான் சிமெண்ட் ஆலைகள் வரிசையாக எழுந்தன. கொல்லையில் கடப்பாரையைப் போட்டால், பல இடங்களில் இரண்டடிக்குள் 'டங்' என்று சுக்கான் கல் முட்டும்.

சுண்ணாம்பு மிகுந்த மண் காரத்தன்மை கொண்டது. மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் அதை உறிஞ்ச முடியாதபடி காரம் பூட்டிவிடுகிறது. என் தக்காளியின் குருத்து வெளுத்ததற்குக் காரணம் அதுதான். போதாததற்கு இங்கே பல ஆழ்துளைக் கிணறுகளின் தண்ணீரும் உப்புத் தண்ணீர். அவசரத்துக்கு ஒரு வைத்தியம் உண்டு. நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், கூடவே 1 கிராம் எலுமிச்சை உப்பு சேர்த்து, மாலை வேளையில் இலை நனையத் தெளித்தால் ஒரு வாரத்தில் பச்சை திரும்பும். நிலையான வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். மக்கு. செடிகொடி மக்கி உண்டாகும் கரிமப்பொருள் கூடக்கூட, பூட்டிக்கிடந்த சத்து வேருக்குத் தளர்ந்து கொடுக்கும்.

பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசலுக்கு வேறு குணம். மழையில் களியாக ஒட்டும், சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதற்கும் மருந்து இதே மக்குதான். ஆக, இந்த இரண்டு மாவட்டத்துக்கும் மேட்டுப்பாத்தி ஒரு நல்ல ஏற்பாடு. அதை வெறும் மண்ணால் நிரப்புவதால் மட்டும் பயனில்லை.

வேருக்கு எத்தனை அடி?

கீரைக்கு அரையடி மண் போதும். வெண்டை, கத்தரி, தக்காளி, மிளகாய் இவற்றின் வேரில் பெரும்பங்கு மேல் ஓரடி, ஒன்றரை அடிக்குள்தான் இரை தேடுகிறது. அப்படியானால் மூன்றடிப் பாத்தியில் கீழ் இரண்டடிக்கு என்ன வேலை? ஈரத்தைத் தாங்கி வைக்க வேண்டும், மெதுவாக மக்கிச் சத்தை மேலே அனுப்ப வேண்டும், மேல்மண்ணைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். இந்த மூன்று வேலையையும் விலை கொடுத்து வாங்கிய மண்ணைவிட ஒரு காய்ந்த மரக்கட்டை நன்றாகச் செய்யும்.

இதை உலகம் பல பெயர்களில் கண்டறிந்திருக்கிறது. ஜெர்மன் பேசும் நாடுகளில் மரக்கட்டைகளைக் குவித்து மண் மூடிப் பயிர் வைக்கும் முறைக்கு 'ஹூகல்கல்டூர்' என்று பெயர். ஆஸ்திரிய விவசாயி செப் ஹோல்சர் அதை உலகறியச் செய்தார். மும்பையில் ஆர்.டி. தோஷி, மண்ணுக்கு வழியில்லாத மாடிகளில் தொட்டியின் பெரும்பகுதியைக் கரும்புச் சக்கையால் நிரப்பி, மேலே கொஞ்சம் மண் இட்டுக் காய்கறி விளைவித்தார். நம் ஊரில், மண்ணைச் சருகாலும் தழையாலும் மூடிவைக்கும் 'மூடாக்கு' என்ற சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தார் இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வார். காசு கொடுத்து வாங்கும் இடுபொருளைக் குறைத்து, கையருகே கிடப்பதை மண்ணுக்குத் திருப்பிக் கொடுப்பதே இவர்கள் எல்லாரும் காட்டிய வழி.

நம் ஊரில் எரிவது எல்லாம்...

மாசி, பங்குனியில் பெரம்பலூர் சாலையில் இரவுப் பயணம் போனவர்களுக்குத் தெரியும். தூரத்து வயல்களில் வரிவரியாகத் தீ ஓடும். பருத்தி எடுத்து முடிந்த காட்டில் மாரைப் பிடுங்கிக் குவித்துக் கொளுத்துகிறார்கள். மக்காச்சோளத் தட்டையில் மாட்டுக்குப் போக மீதி எரிகிறது. கரும்பு வெட்டிய வயலில் சோகை எரிகிறது. ஆண்டிமடம், செந்துறைப் பக்கத்தில் முந்திரிக் கொட்டை பொறுக்குவதற்குத் தோதாக மரத்தடியைக் கூட்டி, சருகைக் குவித்துத் தீ வைக்கிறார்கள். ஏரிக்கரையிலும் தரிசிலும் சீமைக்கருவேலத்துக்குப் பஞ்சமே இல்லை.

இப்படி எரிகிற ஒவ்வொன்றும் மேட்டுப்பாத்திக்கு ஒரு அடுக்கு.

சீமைக்கருவேலத்தில் தடித்த கட்டையும் வேர்மூட்டும்தான் அடித்தளம். ஆனால் பச்சையாகப் போடக் கூடாது. பச்சை மூடு மண்ணுக்குள்ளிருந்து மறுபடி துளிர்த்து வந்துவிடும். நான்கைந்து மாதமாவது வெயிலில் காய்ந்திருக்க வேண்டும். முள்ளைக் கழித்துவிடுவது கைக்கு நல்லது.

பருத்திமார் மெதுவாக மக்கும், நடு அடுக்குக்கு ஏற்றது. அதை நசுக்கிப் போட்டால் இன்னும் விரைவு. 1920-களில் இந்தூரில் மட்குரம் பற்றி ஆராய்ந்த ஆல்பர்ட் ஹோவார்ட், பருத்திமாரையும் துவரை மாரையும் பண்ணைப் பாதையில் பரப்பி, வண்டிச் சக்கரம் ஏறி நசுக்கியபிறகு எருக்குழியில் சேர்த்தார். உளுந்தையும் கொள்ளையும் ரோட்டில் பரப்பி, வண்டிகளையே போரடிக்க விடுகிற நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரோட்டுக்குப் போகாமல், களத்தில் பரப்பி டிராக்டரை நான்கு முறை ஓட்டினால் போதும்.

கரும்புச் சக்கை வேண்டுமென்றால் ஆலைக்குப் போக வேண்டாம். ஆலைகள் சக்கையைக் கொதிகலனில் எரித்து மின்சாரம் எடுப்பதால் அங்கே அதற்கு மதிப்பு உண்டு. பேருந்து நிலையத்துக் கரும்புச்சாறு கடையில் கேளுங்கள். மாலையில் அவர்களே சாக்கில் கட்டிக் கொடுப்பார்கள். சர்க்கரை ஆலையிலிருந்து வரும் பிரஸ்மட் கிடைத்தால் அது அருமையான சரக்கு. ஆனால் புதிதாக வரும்போது கையை வைக்க முடியாத சூட்டோடு கொதிக்கும். சில மாதம் குவித்துவைத்து, சூடு அடங்கியபிறகே சேர்க்க வேண்டும்.

முந்திரிச் சருகு, வேப்பஞ்சருகு, நிலக்கடலைத் தோல், மணி உதிர்த்த சோளக்கட்டை, வைக்கோல் இவையெல்லாம் இடைவெளியை அடைக்கும். இவற்றோடு பச்சைத் தழை கட்டாயம் வேண்டும். கொழிஞ்சி, எருக்கு, பூவரசு, கிளைரிசிடியா, அகத்தி, எது கிடைத்தாலும் சரி.

அடுக்கும் முறை

நம் ஊர் வெயிலில் மூன்றடியையும் தரைக்கு மேலே தூக்குவது தவறு. நான்கு பக்கமும் காற்றும் வெயிலும் பட்டு, பாத்தி சீக்கிரம் காய்ந்துவிடும். ஓரடி கீழே தோண்டி, இரண்டடி மேலே எழுப்புவதே அரியலூருக்கு ஏற்ற அளவு. சுக்கான் கல் உடனே முட்டும் இடத்தில் மட்டும் முழுக்க மேலே கட்டலாம்.

இந்தத் தோண்டலில்தான் செலவு மிச்சமாகிறது. எட்டுக்கு நான்கடியில் ஓரடி தோண்டினால் 32 கன அடி மண் வெளியே வரும். தோண்டிய மண் தளர்ந்து உப்பும், ஏறக்குறைய 40 கன அடியாகும். அதில் 18 கன அடியைக் கட்டைகளின் இடைவெளியில் இறக்கலாம். மீதி 22 கன அடியோடு 10 கன அடி மக்கிய எரு கலந்தால், மேல் ஓரடிக்கு வேண்டிய 32 கன அடி கையில் இருக்கிறது. வெளியிலிருந்து வாங்கும் மண்ணின் அளவு, பூஜ்யம்.

தோண்டிய குழியில் முதலில் கருவேலக் கட்டையை நெருக்கமாக அடுக்குங்கள். தடித்தது கீழே, மெலிந்தது மேலே. இடுக்குகளில் மண்ணைக் கொட்டி, குழாயைத் திறந்துவிட்டு, மண் உள்ளே இறங்கி உட்காரும்வரை நீர் பாய்ச்சுங்கள். இந்த ஒரு வேலையை அவசரத்தில் விட்டுவிட்டால், பின்னால் அந்தப் பொந்தில் எலி குடியேறும், பாத்தி ஒரு பக்கமாகச் சரியும்.

இரண்டாவது அடிக்கு அரையடி பருத்திமார் அல்லது தட்டை, அதன்மேல் நான்கு விரற்கடை பச்சைத் தழை, அதன்மேல் கெட்டியான சாணிக் கரைசல், ஒரு கைப்பிடி பழைய மண். மறுபடி இதே வரிசை. சாணி எதற்கு? மரக்கட்டையிலும் தட்டையிலும் கரிமம் அதிகம், தழைச்சத்து குறைவு. அவற்றை மக்கச்செய்யும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து வேண்டும். நாம் கொடுக்காவிட்டால், அவை செடியின் பங்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதனால்தான் மரத்தூளையும் பச்சைச் சக்கையையும் மேல்மண்ணில் கலக்கக் கூடாது என்கிறார்கள். அவை வேருக்குக் கீழே இருந்தால் தொல்லை இல்லை.

தேங்காய் நார்க்கழிவைப் பயன்படுத்துபவர்கள் வேளாண் பல்கலைக்கழகத்தின் முறையைப் பின்பற்றலாம். ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியா என்ற கணக்கில், சிப்பிக்காளான் வித்தும் சேர்த்து அடுக்கடுக்காகப் போட்டு ஈரம் காத்தால், இரண்டு மாதத்தில் கறுத்த மக்காகிவிடும்.

ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பாத்தி இறங்கும். முதல் ஆண்டிலேயே அரையடி, முக்காலடி தாழ்ந்துபோகும். உள்ளே மக்கு உண்டாகிறது என்பதன் அடையாளம் அது. முதலில் குவித்து நிரப்புங்கள், ஒவ்வொரு பட்டத்துக்கும் மூன்று நான்கு விரற்கடை எருவும் மண்ணும் சேருங்கள். ஆனியில் நிரப்பி நனைத்துவைத்தால், ஆடிப் பட்டத்துக்குக் கீரை, பூசணி, சுரை போடலாம். கத்தரியும் தக்காளியும் அதற்கடுத்த பட்டத்தில்.

மேல் ஓரடிக்குக் கஞ்சம் வேண்டாம்

கையில் இருக்கும் கொஞ்சம் பணத்தை மேல் ஓரடியில் போடுங்கள். நன்கு மக்கிய தொழுவுரம் அல்லது ஆட்டு எரு, கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கு, தோட்டக்கலைத் துறையில் கிடைக்கும் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா விரிடி. இவை ஒன்றும் பெரிய விலையில்லை.

ஏரி வண்டல் கிடைத்தால் சந்தனம் கிடைத்த மாதிரி. இராசேந்திர சோழன் வெட்டிய சோழகங்கம் முதல் கரைவெட்டி, சுக்கிரன் ஏரி வரை ஏரிகளால் வாழ்ந்த பூமி இது. கோடையில் வண்டல் எடுத்து வயலுக்கு அடிப்பது நம் முன்னோர் வழக்கம். இன்றும் விவசாயிகள் வட்டாட்சியரிடம் அனுமதி பெற்று, குறிப்பிட்ட ஏரிகளில் கட்டணமின்றி எடுக்கலாம். நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர் என்பது வரம்பு. அப்படி அனுமதியோடு வயலுக்கு அடிக்கும் சொந்தக்காரர் யாராவது இருந்தால் அவரிடம் நான்கு கூடை கேளுங்கள், ஒரு பாத்திக்கு அது தாராளம். வண்டல் களிப்பானது. மேல்மண்ணில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் இறுகி வெடிக்கும்.

மண்ணின் காரநிலை தெரியாமல் எதையும் கொட்ட வேண்டாம். அரியலூர் மாவட்டத்தில் சோழமாதேவியிலும் பெரம்பலூரில் வாலிகண்டபுரத்திலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. ஒரு பிடி மண்ணோடு போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.

கிட்டே சேர்க்கக் கூடாதவை

சும்மா கிடைக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் உள்ளே தள்ளிவிடக் கூடாது. சுண்ணாம்புச் சுரங்கத்து மேல்மண், கட்டட இடிபாடு, சிமெண்ட் பூச்சு, சாம்பல் இவை ஏற்கனவே காரமான மண்ணை இன்னும் காரமாக்கும். முந்திரி ஓட்டில் தோலைப் புண்ணாக்கும் எண்ணெய் இருக்கிறது. தைலமரத் தழை மற்றச் செடிகளை வளரவிடாது. பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் வேண்டாம். கோரைக் கிழங்கும் அருகம்புல்லும் எத்தனை அடி ஆழத்தில் புதைத்தாலும் தலைகாட்டிவிடும். மக்காச்சோளத்துக்கு அட்ரசின் களைக்கொல்லி அடித்த காட்டின் மண்ணை அந்தப் பருவத்திலேயே அள்ளிவராதீர்கள், காய்கறி நாற்று கருகும்.

அடியில் ஜல்லி போட்டால் நீர் வடியும் என்று கொத்தனார் சொல்வார். நம்பாதீர்கள். பொடிமண் முழுக்க ஊறித் ததும்பும்வரை நீர் ஜல்லிக்குள் இறங்காது. அதனால் ஜல்லிக்கு மேலேதான் சேறு தேங்கும். அடி திறந்திருந்தாலே போதும்.

கரையானைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். காய்ந்த கட்டை கிடந்தால் கரையான் வரும். அது செத்த மரத்தைத் தின்று மக்கச் செய்கிற உயிர். பாத்தியை எப்போதும் ஈரமாக வைத்து, வேப்பம்புண்ணாக்கு தூவிவந்தால் செடிப்பக்கம் வராது. ஆனால் வீட்டுச் சுவரை ஒட்டி, கதவு நிலை அருகே இந்தப் பாத்தியைக் கட்டாதீர்கள். நாலடி, ஐந்தடி தள்ளியே இருக்கட்டும்.

இரண்டு வருடம் கழித்து

வாங்கிய மண்ணில் தோற்றபிறகு நான் கட்டிய இரண்டாவது பாத்தியை இதுவரை சொன்ன முறையில்தான் நிரப்பினேன். இரண்டு வருடம் கழித்து, ஒரு பங்குனி மாதம், கத்தரிச்செடியைப் பிடுங்கிவிட்டு ஓரத்தில் மண்வெட்டியால் வெட்டிப் பார்த்தேன். மேலே மண் காய்ந்து பொருபொருவென்று இருந்தது. ஒன்றரை அடி இறங்கியதும் வெட்டு சத்தமில்லாமல் உள்ளே போயிற்று. பருத்திமார் இருந்த சுவடே இல்லை, கறுத்த துகள்தான் இருந்தது. அதற்கும் கீழே கருவேலக் கட்டை. வைரம் பாய்ந்த நடுப்பகுதி இன்னும் உறுதியாக இருந்தது. வெளிச்சுற்றைக் கட்டைவிரலால் அழுத்தினேன், தேநீரில் ஊறிய ரொட்டிபோல அமுங்கி, விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தது. பத்து நாளாக நான் நீர் பாய்ச்சியிருக்கவில்லை. கத்தரியின் வேர்கள் வெள்ளை நூலாக அந்தக் கட்டையின் பட்டைக்குள் நுழைந்திருந்தன. குருத்திலையில் மஞ்சள் இல்லை.

அன்று எனக்குச் சாத்தனூர் நினைவு வந்தது. பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில், ஓர் ஓடைப்பள்ளத்தில் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிறது அந்தக் கல்மரம். 1940-இல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அதை உலகுக்கு அறிவித்தார். சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்கு அடித்துவரப்பட்டு, காற்றில்லாத சேற்றில் புதைந்து, மக்குவதற்கு வழியின்றிக் கல்லாகிப்போன மரம். அதே பூமியில்தான் நாம் இன்னொரு மரத்தைப் புதைக்கிறோம். காற்றும் ஈரமும் சாணியும் புழுவும் கூடவே இருப்பதால், இது சில வருடங்களில் மண்ணாகிவிடும்.

வருகிற மாசியில் பக்கத்து வயலில் பருத்திமாரைக் குவித்துத் தீப்பெட்டி எடுப்பதைப் பார்த்தால், கொஞ்சம் வண்டியை நிறுத்துங்கள். "ஒரு வண்டி எனக்குத் தாங்கண்ணே" என்று கேளுங்கள். யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். மாரைப் பிடுங்கிய கூலி அவருக்கு ஏற்கனவே செலவுதான், எரிப்பதைவிடக் கொடுப்பதில் அவருக்கு நட்டமில்லை. அந்த ஒரு வண்டி உங்கள் கொல்லையில் ஒரு பாத்தியின் நடு அடுக்காகும். அதன்மேல் பூசணி விதை ஒன்றை ஊன்றிப் பாருங்கள். திங்க நிறையக் கிடக்கிறதென்று அதுவே தெரிந்துகொள்ளும்.